கனம் தாங்காத புதுச் சுவர்

ஆடி இரண்டாம் வெள்ளி. விடாத மழை.

மூத்த மகன் தன் தோட்டத்து லயத்து வீட்டில் எனக்கென்று தடுத்துக் கொடுத்த அறையில், விளக்கேற்றும் சாமி மேடையைச் சுவரில் மாட்டச் சொல்லி, அந்தத் தடுப்புச் சுவரை அடைத்த சேகரைக் கூப்பிட்டேன். மேடை தேக்குப் பலகை. பித்தளை விளக்கும் காலமான என் வீட்டுக்காரர் படமும் ஏறினால் நல்ல கனம். சேகர் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"தாங்காது லா பாட்டி. உள்ள மெல்லிசு தகரச் சட்டம்தான். மாட்டினா மேல அடிச்ச அட்டையோட பேத்துக்கிட்டு வந்துரும்."

"அப்புறம் எதுக்குடா இதுக்குச் சுவருன்னு பேரு?"

"மூடுறதுக்கு முன்னாடியே அண்ணன்கிட்ட கேட்டேன் பாட்டி. கனமா எதுவும் மாட்டுறதா இருந்தா உள்ள மரக்கட்டை வச்சுடுறேன்னு. வேணாம், அம்மா மேடை ஈப்போவுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிரும்னாரு."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தேநீரைக்கூடக் குடிக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஈப்போ வீட்டில் சின்ன மருமகள் என் விளக்கைக் கழிவறைப் பக்கம் தூக்கி வைத்தவள். அது ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள். அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

இன்று விளக்கை நாற்காலியில் வைத்துத்தான் ஏற்றினேன். தேயிலை ஆலையிலிருந்து மூத்தவன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்னை எப்போடா அனுப்பப் போற?"

"யாரும்மா சொன்னா? இந்தக் குளிரு உங்களுக்கு ஆகல. தீபாவளி போகட்டும், பாப்போம்."

பிறகு தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.