சட்டைக் கை

காலில் சப்பாத்தைப் போட்ட பிறகும் தயாளினிக்கு வெளியே போக மனம் வரவில்லை. திரும்பி வந்து, நின்றபடியே மகளுக்கு ஒரு தாளில் எழுதினாள்.

“லக்ஷா, புட்டும் கறியும் மேசையிலை கிடக்கு. இன்சுலின் போட்டிட்டுச் சாப்பிடு. கோவத்திலை பட்டினி கிடக்காதை.”

நேற்று, லக்ஷா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்குத் தைத்த சாறிச் சட்டையைப் போட்டுப் பார்க்கும்போதுதான் சண்டை. மகளின் மேற்கையில் ஒட்டியிருக்கும், இரத்தத்தில் சீனி அளக்கும் சென்சர் சனத்தின் கண்ணில் படக்கூடாதென்று, முழங்கை வரை கை வைத்துத் தைப்பித்திருந்தாள். “என்ரை சீனி வருத்தம் உங்களுக்கு வெக்கமோ அம்மா?” எப்போதும் பிரெஞ்சில் சண்டை பிடிப்பவள், தமிழில் கேட்டுவிட்டு அறைக்கதவை அடித்துச் சாத்தினாள்.

“நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்கை சனம்” என்று எழுதத் தொடங்கி, தாள் கிழியுமளவுக்குப் பேனையால் வெட்டினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுதுகிற கதையா இது!

“சட்டையை லா சப்பல் தையல்கடைக்குக் கொண்டு போறன். கையைக் கட்டையாக்கித் தரச் சொல்லுறன். சென்சர் தெரியட்டும்.”

கதவுவரை போனவள் மறுபடி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“அது என்னெண்டு சாமத்திய வீட்டிலை மாமி கேட்டால் உள்ளதைச் சொல்லு. நான் பக்கத்திலைதான் நிப்பன்.”