பஸ்ஸில் வந்த கை

மச்சாள்,

இன்று காலை தலை வாரிப் பின்னி முடித்த பிறகுதான் கவனித்தேன், சீப்பு என் வலது கையில் இருந்தது. உங்களுடைய அகலப் பல் சீப்பு. இன்னும் உங்கள் தேங்காயெண்ணெய் மணக்கிறது.

கொரோனாவில் வென்டிலேட்டரில் கிடந்து நான் கண்விழித்தபோது அந்தக் கை தோளிலிருந்து வெறுமனே தொங்கியது. விரல்கள் அசைந்தன, கை எழவில்லை. என் கணவர், உங்கள் தம்பி, வீடியோவில், "ஒண்டுமில்லையப்பா, களைப்பு" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே விளங்கியது: பாரிசவாதம் என்று நினைத்து எல்லோருமாக மறைக்கிறார்கள். நானும் விளங்காதவள் போல இருந்துகொண்டேன். எங்கள் வீடுகளில் நோயாளியும் சேர்ந்துதான் மறைப்பாள்.

நீங்கள் மட்டும் வார்டுக்குத் தொலைபேசி எடுத்து டொக்டரிடம் நேரே கேட்டீர்கள், பிறகு என்னை அழைத்தீர்கள்.

"எடி, ஸ்ட்ரோக் இல்லையாம். மூச்செடுக்க ஏலாமல் கிடந்த உன்னைக் குப்புறக் கிடத்தி, கையைத் தலைப்பக்கம் தூக்கி வைச்சிருக்கினம், நீச்சலடிக்கிற மாதிரி. கனநேரம் அப்பிடிக் கிடந்ததிலை தோள் நரம்பு இழுபட்டுப் போச்சாம். கனபேருக்கு மெல்ல மெல்லச் சுகமாகுமாம்."

"எனக்கு நீந்தவே தெரியாது மச்சாள்."

"அதுதான் பிழையாப் போச்சு."

சிரிக்க மூச்சுப் போதவில்லை. ஆனாலும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, வேலைக்குப் போகும் வழியில் வந்து தலை பின்னிவிடுவீர்கள். பிசியோ சொன்ன பயிற்சியை நான் தட்டிக்கழித்தால் பின்னலைப் பிடித்து ஓர் இழுவை. ஒருநாள் அழுதேன். "இந்தக் கை இனி வராதோ?"

"ஏன் வராது? நீ அம்புலன்ஸிலை வந்திட்டாய். கை பஸ்ஸிலை வருது. இந்த ஊர் பஸ், கொஞ்ச நேரம் செல்லும்."

போன மாசியில் நீங்கள் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். உங்களுக்குச் சேலை உடுத்தப் பெண்கள் நாலைந்து பேர் போனோம். தலைமுடியை யார் முடிவது என்று தயங்கியபோது நான் சீப்பை எடுத்தேன். இடது கையால் உங்கள் தலையைத் தாங்கி, வலது கையால் கொண்டை சுற்றினேன். தோள் நடுங்கியது. கொண்டை ஊசி குத்தும்வரை கையை இறக்கவில்லை.

அன்று ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்தேன். இன்று காலை, எந்தக் கை என்ற நினைப்பே இல்லாமல் வாரியிருக்கிறேன். குளிர் நாட்களில் தோள் இன்னும் உளையும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைச் சொல்ல முதலில் உங்களைத்தான் தேடினேன். கை வந்து சேர்ந்துவிட்டது, மச்சாள்.