பெயருக்காக ஒரு பேரரசு

மார்ச் 4, திங்கள்

ரத்த அழுத்தம் மறுபடி ஏறிவிட்டது. டாக்டர் மிர்தா கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு பொறக்குற வரைக்கும் கட்டில்தான். எறங்கி நடமாடுறதைப் பாத்தேன், கர்ப்பிணிங்க விடுதியில கொண்டுபோய்ப் பூட்டிருவேன்."

இன்னும் ஏழு வாரம். எங்கள் துறைமுக ஊர் சியென்ஃபுவேகோஸில் பாதிப் பேருக்குப் பல் செட் செய்து கொடுத்தவள் நான். இனி மல்லாந்து படுத்து என் பல்லை நானே கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மார்ச் 6, புதன்

பெயர்ச் சண்டை. என் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, நான் அதில் படுத்திருப்பதே தெரியாதது போல.

என் புருஷன் யோஸ்பெலுக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் வெட்டி ஒட்டி 'யோஸ்லிஸ்டானி' என்று வைக்க வேண்டுமாம். மாமனார் எலெயுத்தேரியோவுக்கு அவருடைய அம்மாவின் பெயர்: எர்மெனெகில்டா. "ஆறு புள்ளைங்களை ஊர்த் துணி தொவைச்சே ஆளாக்கினவ. அவ பேரைத் தாங்க இந்தக் குடும்பத்துல யாருக்குமே முதுகெலும்பு இல்லியா?" என்கிறார். பிறக்காத குழந்தையின் முதுகெலும்பில் ஏற்றி வைக்கிற சுமையா அது?

எனக்கு வேண்டியது இனேஸ். அவ்வளவுதான். என் அப்பா மூன்று அத்தைமாரின் பெயரைக் கலக்கி எனக்கு லிஸ்டானியா என்று வைத்தார். முப்பத்து நாலு வருஷமாக ஒவ்வோர் அலுவலகத்திலும் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். என் மகள் ஒரே மூச்சில் தன் பெயரைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இல்லவே இல்லை.

மார்ச் 7, வியாழன்

யோஸ்பெலின் யோசனை: ஆடித் தீர்த்துக்கொள்வது. கம்ப்யூட்டரில் அப்பாவும் மகனும் வருஷக்கணக்காக ஆடும் அந்தப் பேரரசு ஆட்டத்தில் நானும் சேர வேண்டும். ஜெயிக்கிறவர் சொல்வதுதான் பெயர்.

இங்கே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு தெரு தள்ளி மாமனார் வீட்டில் ஒன்று. நடுவில் இணைப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆட்டம் பென்டிரைவில் போய் வரும். நாங்கள் எங்கள் முறையை ஆடி முடித்ததும் யோஸ்பெல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் சைக்கிள் ரிக்‌ஷாவில் சவாரிக்குப் போகிற வழியில் அங்கே கொடுப்பான், திரும்புகிற வழியில் வாங்கி வருவான். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. மின்சாரம் இருந்தால்.

விதியை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினோம். "எந்த வழியில் ஜெயித்தாலும்" என்று நான்தான் கடைசியில் சேர்த்தேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 9, சனி

ஜெயிக்க வழிகள் பல. எதிரிகளின் தலைநகரங்களைப் பிடிப்பது ஒன்று. மாமனாருக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. முப்பது வருஷம் எங்கள் ஊர் வளைகுடாவில் இழுவைக் கப்பல் ஓட்டியவர், எதைப் பார்த்தாலும் கப்பல்தான்.

இன்னொன்று, கலை. அரங்கம் கட்டு, ஓவியரை வளர்த்துவிடு, பாடகர்களை ஊர் ஊராக அனுப்பு. எதிராளி நாட்டு ஜனங்கள் நம் ஊரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வர வேண்டும், தங்கள் பாட்டை மறந்து நம் பாட்டை முணுமுணுக்க வேண்டும். அந்த அளவு தாண்டினால் ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஆட்டம் நம்முடையது. படுத்துக்கிடப்பவளுக்கு இதைவிடத் தோதான போர் உண்டா?

முதல் அரங்கத்தைக் கட்டினேன். யோஸ்பெல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அப்பா பீரங்கியோட வந்தா என்ன செய்வே? பாடி வெரட்டுவியா?"

"உன் பாட்டா இருந்தா அது நடக்கும்" என்றேன்.

மார்ச் 13, புதன்

மூன்று ஓவியம், இரண்டு நாடகம், ஒரு கோபுரம். ராணுவம் என்று பார்த்தால் ஈட்டியோடு நாலு பேர். அவர்களையும் பாட்டுக் கற்றுக்கொள்ள அனுப்பிவிடலாமா என்று பார்க்கிறேன்.

மார்ச் 22, வெள்ளி

யோஸ்பெலின் தலைநகரம் விழுந்தது. சொந்த மகனென்றும் பார்க்காமல் பதினோரு கப்பல். அவன் ஆட்டத்தைவிட்டு வெளியே. யோஸ்லிஸ்டானி அவுட்! சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், பிறகு ஞாபகம் வந்து படுத்தேன்.

பாவம், சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கறுப்பு பீன்ஸ் சோற்றில் என் பங்கு முட்டையையும் அவனுக்கே கொடுத்தேன். தோற்றவன்தானே.

ஆனால் இனி மாமனாருக்கு மிச்சம் ஒரே ஒரு தலைநகரம். என்னுடையது.

ஏப்ரல் 1, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

என் துறைமுகத்தைப் பிடித்துவிட்டார். மூன்று ஓவியங்களும் அங்கேதான் இருந்தன, ஓர் அரங்கத்தோடு. யோஸ்பெல் அவர் சொன்னதை அப்படியே வந்து ஒப்பிக்கிறான்: "படம் நல்லாத்தான் இருக்கு, கப்பல்ல மாட்டி வெக்கிறேன்னு சொல்லச் சொன்னாரு."

அழுதேன். வெறும் பொம்மை ஓவியத்துக்கா அழறே, வெக்கமா இல்லியான்னு என்னையே கேட்டுக்கிட்டேன். ஓவியத்துக்கு இல்ல. எர்மெனெகில்டா! பள்ளிக்கூடத்துல முதல் நாளே புள்ளைங்க அதைக் கடிச்சுத் துப்பிடுமே. என் புள்ளை அழுதுக்கிட்டு வீட்டுக்கு வருமே. அதை யாரும் யோசிக்கிறதில்ல. அந்த மனுஷனுக்குக் கப்பல்தான் பெருசு.

மிர்தா வந்து அழுத்தம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாரோட சண்டை போட்டே?"

"ஒரு கடற்படையோட."

கம்ப்யூட்டரை இரண்டு நாள் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 5, வெள்ளி

மறுபடி உட்கார்ந்து, அதாவது படுத்து, யோசித்தேன். என் கலைக்குப் புகழ் இருக்கிறது, ஆள்தான் வருவதில்லை. காரணம் மாமனார் தன் எல்லையை மூடி வைத்திருக்கிறார். அவர் ஜனம் வெளியே வந்தால்தானே என் தலைநகரத்து அரங்கத்துக்கு வரும்?

"எல்லையைத் திறந்துவிடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்குள்ளேயே ஒப்பந்தம் அனுப்புகிறேன். அவர் முறை வரும்போது திரையில் அது தெரியும். இன்று எட்டாவது தடவை மறுத்துவிட்டார்.

"தொறந்து போட்டு வெக்க நான் என்ன ஹோட்டலா நடத்துறேன்?" என்றாராம்.

அவருடைய கப்பல்கள் என் தலைநகரத்துக்கு நாலு நாள் தூரத்தில். எங்கள் நாளைச் சொல்கிறேன், ஆட்ட நாளை அல்ல.

ஏப்ரல் 9, செவ்வாய்

எரிவாயு சிலிண்டர் வண்டி வந்துவிட்டது! மூன்று வாரத்துக்குப் பிறகு. தெருவே காலியாகி டிப்போ வாசலில் நிற்கிறது. மாமனாரும் போய் "யார் கடைசி?" என்று கேட்டு வரிசையில் இடம் பிடித்துவிட்டார். நூற்றுப் பத்தாவது ஆளாம். குறைந்தது மூன்று நாள்.

அப்படியானால் ஆட்டம்? இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் குழந்தை உதைத்ததா, சந்தோஷம் உதைத்ததா, தெரியவில்லை: அத்தையை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அத்தை செனைடா. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள். வரிசையில் ஆள் நிறுத்திவிட்டுப் போகிற மாதிரியே, கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்து, "என் எடத்தைப் பிடிச்சு வை. என் முறை வந்தா 'அடுத்து'ங்கிற பொத்தானை அமுக்கு. வேற எதையும் தொடாதே" என்று சொல்லியிருக்கிறார். என் தலைநகரத்தின் வாசல்வரை வந்த அவர் கப்பல்கள் இனி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வேற எதையும் தொடாதே! நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனிதருக்குத் தன் பெண்டாட்டியைத் தெரியவில்லை.

ஏப்ரல் 10, புதன்

நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கடவுள் சத்தியமாக. பென்டிரைவோடு ஒரு கொய்யாப்பழக் கட்டியை மட்டும் அனுப்பினேன், அத்தைக்குப் பிடிக்குமே என்று. மாமியாருக்கு மருமகள் இனிப்பு அனுப்புவது குற்றமா?

வழக்கம்போல ஒப்பந்தமும் உள்ளே இருந்தது. அது வழக்கம்தானே.

ஏப்ரல் 11, வியாழன்

எல்லை திறந்துவிட்டது!!

திரையைப் பார்த்து அத்தை கேட்டாளாம்: "இவ ஏன் நம்ம ஊரு கதவைத் தட்டிக்கிட்டே இருக்கா?"

"அவங்க ஆளுங்க இங்க வரணுமாம், நம்ம ஆளுங்க அங்க போகணுமாம்" என்று யோஸ்பெல் சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை.

"இதுக்குப் போயா இத்தனை தடவை கெஞ்ச விட்டாரு? வாசல்ல வந்து நிக்கிறவங்களை உள்ள வான்னு சொல்லத் தெரியாத மனுஷன்" என்று ஆம் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

இன்னும் கேள். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, கொஞ்சம் சர்க்கரை தருகிறேன், ஓவியங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வைத்திருந்தேன். கொடுத்துவிட்டாள். மூன்றையும். "அடுத்தவ வீட்டுப் படத்தை நாம ஏன் வெச்சுக்கணும்?"

என் அரங்க வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. மாமனாரின் மாலுமிகள்கூட வருகிறார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்னும் பத்து சதவீதம். டிப்போவில் மாமனார் இருபதாவது ஆளாக முன்னேறிவிட்டாராம். வரிசை இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. வேண்டாத நேரத்தில்தான் இந்த ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

ஏப்ரல் 13, சனி

இரண்டு மணிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். காலையிலிருந்து யோஸ்பெல் சவாரியே ஏற்றவில்லை. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. "நான் எதுக்கு இப்பிடி மிதிக்கிறேன்? என் பேருதான் முன்னாடியே செத்துப்போச்சே" என்று புலம்பிக்கொண்டே மிதித்தான். தண்ணீர் கொடுத்தேன், முத்தம் கொடுத்தேன், "எர்மெனெகில்டாவை நெனைச்சுக்கோ" என்றேன். ஓடினான்.

ஒன்றரை மணிக்கு மாமனார் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை அப்போதுதான் 'அடுத்து' அமுக்கியிருக்கிறாள். அவர் திரையைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் சிலிண்டர் காலில் விழுந்ததாம். யோஸ்பெல் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான்.

ஒன்று ஐம்பதுக்கு என் முறையை முடித்தேன். திரையெல்லாம் வாணவேடிக்கை. கலையால் வெற்றி. நாலு ஈட்டிக்காரர்களோடு!

சரியாக இரண்டுக்கு மின்சாரம் போயிற்று. இருட்டுத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிடந்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

மாமனார் நொண்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே அத்தை.

"இது செல்லாது. என் முறையை நான் ஆடவே இல்ல."

எனக்கு முன்னால் அத்தை பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, நேத்து இன்னிக்கா வரிசையில நிக்கிறே? உனக்காக நிக்கிறவ, கோழி வந்தா கோழி வாங்குவா, முட்டை வந்தா முட்டை வாங்குவா. வீட்டுக்கு வந்த பெறகு கோழி கேட்டேன், முட்டை ஏன்னு எவனாவது கேட்டிருக்கானா?"

இந்த ஊரில் அதற்கு மறுவாதம் கிடையாது. மாமனார் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த விதியையும் போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒரு குண்டுகூடப் போடாம எப்பிடிம்மா ஜெயிச்சே?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் மணி நேரம் விளக்கினேன். சண்டை போடாமல், கேட்காமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட வேண்டும், எதிராளிக்கே தெரியாமல் அவன் வாயில் நம் பாட்டு வந்துவிடும் என்று. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, நல்ல மாணவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 20, சனி

பிறந்துவிட்டாள். மூன்று கிலோ நூறு கிராம். என்ன தலைமுடி! கைவிரல்களை எண்ணினேன், இரண்டு தடவை.

பதிவு செய்ய ஆஸ்பத்திரிக்கு வந்த பெண் பெயரைக் கேட்டாள். "இனேஸ்." "எழுத்துச் சொல்லணுமா?" என்றேன். "இதுல என்னம்மா சொல்றதுக்கு இருக்கு?" என்று எழுதிவிட்டாள்.

அதைக் கேட்டு அழுதேன். இந்தத் தடவை மிர்தா திட்டவில்லை.

மே 6, திங்கள்

மாமனார் தினமும் வருகிறார். காலையில் காப்பி நேரத்துக்கு, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாள் எனக்குச் சூப் வைக்க மலாங்கா கிழங்கு, ஒரு நாள் எங்கிருந்தோ பிடித்த சோப்பு. தொட்டிலைக் கால் கட்டைவிரலால் ஆட்டிக்கொண்டே பாடுகிறார். குரல் மோசமில்லை.

"தூங்கு என் மேனெ, கப்பல் வருது மேனெ…"

"யாரு மாமா மேனெ?"

"சும்மா, ஒரு செல்லப் பேரு."

"எர்மெனெகில்டாவுலேருந்து வந்த செல்லப் பேரா?"

"விதியில பேரு வெக்கிறதைப் பத்தித்தானே எழுதியிருக்கு? கூப்பிடறதைப் பத்தி ஒண்ணும் இல்லியேம்மா."

திருடன்! மலாங்காவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மே 19, ஞாயிறு

எதிர்வீட்டு மாரலிஸ் பால்கனியிலிருந்து கத்துகிறாள்: "மேனெ எழுந்தாச்சா?" அத்தையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். என் பக்கம் நின்ற அத்தையே! ரிக்‌ஷாவின் பின்பக்கம் யோஸ்பெல் பெயின்ட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்: 'மேனெயின் அப்பா'. "இனேஸின் அப்பான்னு எழுதினா இந்தத் தெருவுல யாருக்குத் தெரியும்?" என்று பல்லைக் காட்டுகிறான்.

நான் மட்டும் விடாமல் இனேஸ், இனேஸ் என்று சொல்லி வருகிறேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை. மாமனாரின் செருப்புச் சத்தத்துக்குத் திரும்புகிறாள்.

ஜூன் 2, ஞாயிறு

மாமனாருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வரவில்லை. முதல் நாள் தொட்டில் பக்கம் அமைதியாகத்தான் இருந்தது. இன்று தூங்கவே மாட்டேன் என்று குழந்தை ஒரே அழுகை. கடைசியில் அந்தக் கப்பல் பாட்டைப் பாட வேண்டியதாயிற்று. ஒரே ஒரு தடவைதான்.

ஜூன் 20, வியாழன்

மேனெக்கு இரண்டு மாதத் தடுப்பூசி. மருத்துவமனையில் சரியான கூட்டம். மடியில் போட்டு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து "இனேஸ்! இனேஸ் யாரு?" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். யார் வீட்டுப் பிள்ளையோ, இப்படிக் கூப்பிட வைக்கிறார்களே என்று எல்லோரையும் போல நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.