சுருவில்காரருக்குத் துண்டு வெட்டிய காலை

இன்று காலை என் விரலில் குத்தி இரத்தம் எடுத்த பிள்ளை, ஸ்பிரிட் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அந்த மணம் போதும். தீவிலிருந்த நம் சின்ன ஆசுபத்திரியின் ஆய்வுகூடத்துக்குள் மனதால் போய் நின்றேன். நான் வந்ததே தெரியாமல் மைக்கிறஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, இரத்தம் சோதிக்கும் உத்தியோகத்தரான நீர் இருந்தீர்.

அறுபதுகள். எனக்கு முப்பது வயது, ஒரே டொக்டர், தலைக்கனம் ஒரு மூட்டை. காலில் திருக்கை முள் குத்திய சுருவில் ஊர் மீனவர் ஒருவர் மூன்று நாளாகக் கிடந்தார். அன்று காய்ச்சல் இல்லை. நீர் அனுப்பிய தாளில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைவு. கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தால் எண்ணிக்கை கூடியிருக்குமே என்று, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினேன். அவருடைய மனைவி அவர் சாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நீர் இரத்தம் தடவிய சிலைட்டும் கையுமாக வார்டுக்கே ஓடிவந்தீர்.

"டொக்டர், இவரை விடாதேங்கோ. எண்ணிக்கை குறைஞ்சதுதான் பயம். மிச்சம் இருக்கிறதெல்லாம் முத்தாத அணு, அதுகளுக்குள்ளை கரும்பொட்டு. உடம்பு இருந்த முழுப்பேரையும் சண்டைக்கு விட்டு முடிச்சிட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இஞ்சை ஆர் டொக்டர்? நீரோ, நானோ?"

"நீங்கள்தான். அதாலைதான் உங்களிட்டை வந்தனான்."

நீர் வாசலை விட்டு விலகவில்லை.

எரிச்சலோடுதான் மீனவரின் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. நாடி பிடிபடாமல் ஓடியது. பிரஷர் அடியோடு இறங்கியிருந்தது; மனுசன் எங்கள் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

பெனிசிலின் போட்டு, சேலைன் ஏற்றியபடியே அம்புலன்சில் யாழ்ப்பாணம் ஓடினோம். பண்ணைப் பாலம் கடக்குமட்டும் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்தீர்.

அவர் தப்பிவிடுவார் என்று பெரியாசுபத்திரியில் சொன்ன பிறகு, திரும்பும் வழியில், பெரிய மனது பண்ணி, "நல்ல வேலை செய்தீர்" என்றேன்.

நீர் கடலைப் பார்த்தபடி சொன்னீர்: "போன மாசம் செத்த நாரந்தனை ஊர்ப் பிள்ளைக்கும் இதே அணுதான், டொக்டர். நான் கண்டனான். எண்ணிக்கையை மட்டும் எழுதும், விளக்கம் வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னபடியால் எழுதேல்லை. என்ரை பிழை."

ஐயோ, அது உமது பிழையா? என் பிழை என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. நீர் பென்சன் எடுத்துப் போகுமட்டும் வரவில்லை. உமது செத்தவீட்டிலும் பேசாமல்தான் நின்றேன்.

அந்த நாரந்தனைப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நீர் எழுதிய அந்தக் குறைந்த எண்ணிக்கை இன்றும் எனக்கு மனப்பாடம். அதைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அம்மா" என்று அவளுடைய தாயிடம் சொன்னவன் நான்தான்.