எச்சில் சூப்

செம்பூர், மும்பை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கலைச்செல்வி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். மதினிக்கு முட்டுவலி குறைந்ததா? நீங்கள் கொடுத்துவிட்ட மோர் மிளகாய் வந்து சேர்ந்தது. ரஞ்சனி ஒருத்தியே பாதியைத் தீர்த்துவிட்டாள்.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பீர்கள். என் போனை இவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். சமையலறையில் பேசினால் ஹாலில் கேட்கும். ரஞ்சனிக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அதனால்தான் சேடா நகர் முருகன் கோயிலில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம், ரஞ்சனிக்கு நீங்கள் பேசிவைத்த சான்பாடா சம்பந்தம். ஆவணியில் தாய்மாமன் நீங்கள் வந்து தாம்பூலம் மாற்றுவதாக இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் ஒருவேளை சேர்ந்து சாப்பிடலாம் என்று பையன் சிதம்பரநாதன் சொன்னான். மாட்டுங்காவில் இலை போட்டுச் சாப்பாடு போடுகிற இடம் எத்தனையோ இருக்கிறது. அந்தத் துரைக்கு அதெல்லாம் பிடிக்காதாம். ஞாயிற்றுக்கிழமை வாஷியில் ஒரு தாய்லாந்து ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆபீஸ் வேலையாகப் பாங்காக் போய்வந்தவன் என்று அவன் அம்மா போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை. அதன் மேல் ஊதுபத்தி, அதன் மேல் ஏசி. அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முட்டை கலந்த கேக் கூடத் தங்கள் வீட்டு வாசல்படி தாண்டாது என்று சொல்லிக்கொண்டே, கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

உள்ளே வெளிச்சம் போதாது. பரிமாறுகிற பெண், மணிப்பூர்க்காரி, நம் ரஞ்சனியைவிடச் சின்னவள், மெனுவைப் படிக்க டார்ச் அடித்துக் காட்ட வந்தாள். எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவள் கையை ஒதுக்கிவிட்டு, காளான் படம் போட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, ஆளுக்கு ஒரு சூப் என்றான் பையன். இது நம்ம ரசந்தான் ஆன்ட்டி, எலுமிச்சைப்புல் போட்ட ரசம் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தான்.

பொய் சொல்வானேன், சூப் நன்றாகத்தான் இருந்தது. புளிப்பும் உறைப்புமாக நாலு வாய் குடித்துவிட்டேன். அப்புறம் அந்தப் பெண் சாப்பாட்டுக்குக் கேட்க வந்தபோது, நாங்கள் பியூர் வெஜ், பார்த்துக் கொண்டுவா என்று பையனின் அம்மா இந்தியில் சொன்னார். அவள் முகம் வெளிறிவிட்டது. இந்த சூப்பில் மீன் சாஸ் சேர்ப்பார்கள், மெனுவில் அசைவம் என்று சிவப்புப் புள்ளி இருக்கிறதே என்றாள். மன்னிப்புக் கேட்டு, வெஜ் சூப் தனியாகக் கொண்டுவருகிறேன் என்று கிண்ணங்களை எடுக்கக் கையை நீட்டினாள். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது, அண்ணன்.

மீனை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிக்கிற தண்ணியாம் அது. எழுதும்போதே தொண்டைக்கு வருகிறது. இதோடு போயிருந்தால் வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டு மறந்திருப்பேன்.

பையன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தான் குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். “குடி. குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு, மீன் இருக்கா இல்லையான்னு” என்று இந்தியில் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. முட்டை தாண்டாத வீட்டுப் பிள்ளை, ஊரான் பெற்ற பெண்ணுக்குத் தன் எச்சிலைக் குடிக்கக் கொடுக்கிறான். அவளும் ஒரு வாய் குடித்தாள். இருக்கிறது சார் என்றாள். நாயையே தின்கிற கூட்டம், இதற்கு மீனா பெரிசு என்று அவன் தமிழில் சொல்ல, அவன் அப்பா சிரித்தார், அந்த அம்மாள் சிரித்தார். இவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். ரஞ்சனி சிரிக்கவில்லை.

அப்புறம் மானேஜரைக் கூப்பிட்டு, இது வெஜ் சூப் என்று இந்தப் பெண்தான் சொன்னாள் என்று ஒரு பொய் சொன்னான். ரஞ்சனி மெதுவாக, அவங்க அப்படிச் சொல்லலையே என்றாள். அவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அதற்கப்புறம் என் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அண்ணன்.

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண்தான். மணிக்கட்டு சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். பெயரை மட்டும் கேட்டேன். லிந்தோய் என்றாள். அவள் வேலை இருக்கிறதோ போய்விட்டதோ, தெரியவில்லை. மீன் அன்றைக்கே வயிற்றை விட்டுப் போய்விட்டது. மற்றது இன்னும் போகவில்லை. இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்தால் அந்தக் கிண்ணம்தான் கண்ணில் நிற்கிறது.

சம்பந்தி வீட்டார் முன்னால் வாந்தி எடுத்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று ரயிலில் செம்பூர் வரும்வரை இவர் ஏசினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரஞ்சனி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளைத் தனியாகக் கேட்டேன். அப்பாவுக்குப் பிடிச்சிருக்கே மம்மி என்கிறாள்.

நீங்கள் கொடுத்த வாக்கு எனக்குத் தெரியும். பையனின் அப்பா உங்களோடு படித்தவர் என்பதும் தெரியும். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லுங்கள். இல்லை, என் தங்கை ஒரு பைத்தியம், சூப்புக்காகச் சம்பந்தத்தை முறிக்கிறாள் என்று என் தலையிலேயே போடுங்கள். நான் சுமந்துகொள்கிறேன். தாய்மாமன் வரவில்லை என்றால் இவரால் தனியாகத் தாம்பூலம் மாற்ற முடியாது. எனக்குப் பதில் எழுத வேண்டாம், இவர் பிரித்துவிடுவார். நேராகச் சான்பாடாவுக்குப் பேசிவிடுங்கள்.

ஒன்று மட்டும் காலைப் பிடித்துக் கேட்கிறேன். பிள்ளையிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவளுக்குப் போன் போடாதீர்கள். கேட்டால் சரி மாமா என்றுதான் சொல்வாள். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அடுக்களை வாசலில் நின்று, உனக்குச் சம்மதந்தானே என்று நீங்கள் கேட்டீர்கள். நானும் சரி அண்ணன் என்றுதான் சொன்னேன்.

நீங்களும் மதினியும் நோய் நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
கலைச்செல்வி