மீனாட்சியைக் கழித்துத் தேடினோம்

16-6-2003, திங்கள்

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரூமைத் துடைத்துவிட்டு வாசலில் செருப்புக் காவல். "ஏய் ஆயா" என்று கூப்பிட்ட பிள்ளையின் இடது செருப்பை மட்டும் ஜன்னல் மேல் வைத்தேன். கால் மணி நேரம் நொண்டியடித்தாள்.

இதையெல்லாம் சாயங்காலம் அவுகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாக. எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு மாசம். அஞ்சாம் வகுப்புப் படித்தவளுக்கு டைரி எதற்கு என்று கேட்காதே இருளாயி. சொல்ல ஆள் இல்லை, எழுது.

18-6-2003

ராதாமணி டீச்சர் இன்டர்நெட் பாடம் ஆரம்பித்தார். "உலகத்துல இருக்கிற எல்லாம் இதுக்குள்ள இருக்கு. தேடத் தெரிஞ்சாத்தான் கிடைக்கும்" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாமா? அப்படியென்றால் அவுகளும்?

ரெண்டு வருசம் முன்னால் ஒரு வெள்ளைக்காரம்மா அவுக ரிக்‌ஷாவில் கோயிலைச் சுற்றினாளாம். போட்டோ எடுத்தாளாம். இன்டர்நெட்டில் போடுவேன் என்றாளாம். அன்றிலிருந்து ஒரே பீற்றல். "ஏ இருளாயி, நான் உலகம் பூரா இருக்கேன்டி!" "ஆமா, ரேசன் கடை வரிசையில மட்டும் இருக்க மாட்டீக" என்பேன். அவுக வாயில் வருவதில் பாதி புளுகு. இதுவும் அதுதான் என்று இருந்துவிட்டேன். கடைசி வரை நம்பாமலே அனுப்பிவிட்டேனே.

21-6-2003

கொழுந்தன் நல்லகாமன் வந்தார். ஆடி அமாவாசைக்குப் படம் மாட்டிக் கும்பிடணுமாம். இருப்பது ஓட்டுப் போடுற அட்டையில் உள்ள படம் ஒன்றுதான். "அதையே பெருசாக்கி, ஸ்டூடியோவுல கோட்டு சூட்டு வரைஞ்சிருவோம் மதினி" என்கிறார். அந்தப் படத்தில் அவுக போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருப்பாக. அதைப் பார்த்து எப்படி அழுவது? கொஞ்சம் பொறுங்க என்றேன்.

24-6-2003

ஒன்பதாம் வகுப்பு மதுவந்தியைப் பிடித்தேன். நல்ல பிள்ளை, "ஆயாம்மா" என்று கூப்பிடும்.

"பேரு என்ன ஆயாம்மா?"

நான் எங்கே சொல்ல? இருபத்தெட்டு வருசத்தில் ஒரு தரம் அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. "பேரு சொல்லாமத் தேடாதா பாப்பா?"

"கம்ப்யூட்டருக்கு ஜாடை தெரியாது ஆயாம்மா."

ஓட்டு அட்டையை நீட்டினேன். வாசித்துத் தட்டினாள். ஒரு மலை வந்தது. ரெண்டு கல்குவாரி வந்தது. அவுக வரவில்லை.

25-6-2003

டீச்சரிடம் மாட்டிக்கொண்டோம். திட்டுவார் என்று பார்த்தால், முழுக்கதையும் கேட்டுவிட்டு அதையே வகுப்புக்குப் பாடமாக்கிவிட்டார்.

"நமக்குத் தெரிஞ்ச சொல்லைப் போட்டா பத்தாது. அங்க எழுதி வச்சவங்க என்ன சொல் போட்டிருப்பாங்கன்னு யோசிங்க. அந்த அம்மாவுக்கு அவர் பேரே தெரிஞ்சிருக்காது. கண்ணுல என்ன பட்டிருக்கும்? ஆயாம்மா, நீங்க சொல்லுங்க."

நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பேர் சொல்லாமல் ஆளை அடையாளம் சொல்வது எனக்கு இருபத்தெட்டு வருசப் பழக்கம் இல்லையா? "பெரிய மீசை. ரிக்‌ஷா. ஹேண்டில்பார்ல கூண்டு கட்டி அதுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கிளி" என்றேன்.

மதுரை, ரிக்‌ஷா, கிளி என்று இங்கிலீஷில் தட்டினாள் மதுவந்தி. திரை பூராவும் மீனாட்சி அம்மன். பின்னே, மதுரையில் கிளி என்றால் வேறு யார் வருவார்? அதோடு இன்டர்நெட்டும் அறுந்தது. ஆபீசுக்கும் இங்கேயும் ஒரே போன் லைன். அங்கே கிளார்க் காசிமாயன் அண்ணன் போனை எடுத்தால் இங்கே செத்துவிடும். அவருக்கு மச்சானிடம் நாலு தரம் பேசாவிட்டால் பொழுது போகாது.

2-7-2003

அதற்கப்புறமும் ரெண்டு தரம் அறுந்தது. இன்றைக்கு வகுப்புக்கு முன்னால் ஆபீசுக்குப் போனேன்.

"அண்ணே, போனைத் தொடாதீக. துடைக்கையில சுள்ளுனு ஷாக் அடிச்சுச்சு."

"எம்புட்டு ஷாக்?"

"முழங்கை வரைக்கும்ணே."

மனுசன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வகுப்பில் டீச்சர், "வேண்டாத சொல்லுக்கு முன்னாடி கழித்தல் குறி போட்டா, அது இருக்கிற பக்கமே வராது. எதைக் கழிக்கலாம்?" என்றார்.

"மீனாட்சியைக் கழிங்க டீச்சர்" என்றேன்.

வகுப்பே "ஐயோ" என்றது.

"அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு அந்தப் பேரு வாயில நுழைஞ்சிருக்காது. பெரிய கோயில்னுதான் எழுதியிருப்பா."

மதுவந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு தட்டினாள். நானும் போட்டுக்கொண்டேன். தாயே, அஞ்சு நிமிசம் ஒதுங்கி நில்லு. எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக்கிறேன்.

மூணாவதாக ஒரு பக்கம். படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. வானம். கோபுரம். தலைத்துண்டு. நெத்தி. மீசை — பாதி மீசையில் நின்றுவிட்டது!

ஆபீசுக்கு ஓடினேன். காசிமாயன் அண்ணன் காலில் ரப்பர் செருப்பு, கையில் சுற்றிய துண்டு, மர ஸ்கேலால் ரிசீவரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஷாக்கு ஒண்ணும் அடிக்கலையே தங்கச்சி!"

"இனிமேத்தான் அடிக்கும், வையிங்கண்ணே!"

வைத்தார். மறுபடி வானத்திலிருந்து ஆரம்பம்.

வந்தாக. முழுசாக. பல் தெரியச் சிரிப்பு, பக்கத்தில் கிளி. பொய் இல்லை. நான்தான் — நான்தான் நம்பலை.

கீழே எழுதியிருந்ததை மதுவந்தி தமிழில் சொன்னாள். "இந்த ரிக்‌ஷாக்காரர் வழியெல்லாம் தன் மனைவியைப் பற்றியே பேசினார். மனைவி ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராம்."

முதலில் வெடித்துச் சிரித்தது ராதாமணி டீச்சர்தான். பிறகு வகுப்பு பூராவும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன்? தெரியலை. அடப் புளுகு மனுசா, செருப்புக் காவக்காரியத் தூக்கி எம்புட்டு உசரத்துல வச்சிருக்கீக!

5-7-2003

மதுவந்தி படத்தை ஒரு பிளாப்பியில் ஏற்றித் தந்தாள். காளவாசல் ஸ்டூடியோவில் பெரிசாகப் போட்டுக் கொடுத்தார்கள். "கிளியை மட்டும் வெட்டிருவோமா மதினி?" என்றார் நல்லகாமன். "கிளியத் தொட்டீக, உங்க கையை வெட்டிருவேன்" என்றேன்.

31-7-2003

அமாவாசை நல்லபடியாக முடிந்தது. மாலை போட்டும் அவுக சிரிப்பு அடங்கவில்லை.

இன்றைக்கு எட்டாம் வகுப்புக்கு இன்டர்நெட் பாடம். டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டு, "எப்படிச் சொல் எடுத்தீங்கன்னு நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றார். கரும்பலகை பக்கத்தில் நின்று பத்து நிமிசம் பேசினேன். எதைக் கழித்தேன் என்று சொன்னபோது எட்டாம் வகுப்பும் "ஐயோ" என்றது.

வெளியே வந்து பார்த்தால் என் இடது செருப்பைக் காணோம். ஜன்னல் மேல் இருக்கிறது. எந்தக் கழுதையோ! நொண்டிக்கொண்டே போய் எடுத்தேன்.

எழுதினால் வாயால் சொன்னதாக ஆகாதுதானே?

அழகுமலை. கேட்டுக்கங்க. உங்க புளுகுல ஒண்ணு குறைஞ்சுபோச்சு.