நீ பதிந்துவிட்டதாகச் சொன்ன முறைப்பாடு

வோபர்ன், ஸ்காபரோ
ஏப்ரல் 11

அன்புள்ள மகள் பிரதீபாவுக்கு,

அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, நீயாவது அங்கே கல்கரியில் வேளைக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய். ரெலிபோனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் விட்டுவிடுவேன், அதனால்தான் பேனையை எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இப்போது ஒழுங்காகக் கதைக்க முடியாது. மேல் உதட்டில் ஐந்து தையல், முன்பல் இரண்டு போய்விட்டன, கஞ்சியும் யோகட்டும்தான் சாப்பாடு. அப்பா உனக்குச் சொன்னது போல நான் படியில் வழுக்கி விழவில்லை. என்னை அடித்தது வினோதன். உடனே துள்ளி எழும்பாதே, முழுவதையும் வாசி, வாசித்து முடித்த பிறகு யாரில் கோபப்படுவது என்று நீயே தீர்மானித்துக்கொள்.

மல்வேர்ன் வீட்டில் பதினோரு வருடம் எங்களுக்கும் வினோதன் மயூரிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். தை மாதம் முழுக்க மயூரி ஒரு விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தாள். ரொறன்ரோவில் நிலத்துக்குக் கீழே ஓடுகிற காஸ் குழாய்களையெல்லாம் கொம்பனியிடமிருந்து நகரசபை வாங்க வேண்டும், தண்ணீர் மாதிரி காஸும் ஊருக்குச் சொந்தமாக வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டாள். முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, அந்தக் குளிரில், சப்பாத்துக்குள் சினோப் பனி போகப் போக நடந்தாள். அப்பா போட மாட்டேன் என்றுவிட்டார். சினோ வழிக்கத் தெரியாத சிற்றி காஸ் நடத்தப் போகுதாம், உதுக்கு நான் கையெழுத்து வைக்கிறதோ என்று வாசலில் வைத்தே நக்கலடித்தார். அவர் பரவாயில்லை, நான் அவரை விட மோசம். பெருமையோடு சொன்னேன், பிள்ளை, உனக்குத்தான் சிற்றி வேணும், எனக்கு அந்தக் கொம்பனிக்கு உள்ளுக்கையே என்ரை மகள் இருக்கிறாள் என்று. மயூரி சிரித்துவிட்டு, எல்லாருக்கும் மகள் இருக்க மாட்டா அன்ரி என்றாள். அந்தச் சிரிப்பு இப்போது என் நெஞ்சில் நின்று குத்துகிறது.

மாசியில் அவளுடைய பேஸ்மென்டில் ஒரு மணம் தொடங்கியது. ஒருநாள் இருக்கும், அடுத்த நாள் இருக்காது, உடுப்புத் தோய்க்கிற மெஷின் பக்கமாக மெல்லிய அழுகல் மணம். அன்ரி, ஒருக்கா வந்து மணந்து பாருங்கோ என்று கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கழிவுத்தண்ணி போகிற குழாய் மணம் போலத்தான் பட்டது. காஸாக இருந்தாலும் இருக்கும் என்று சொல்லி அவள் அவசர நம்பருக்கு அடிக்கப் போனாள், தடுத்தது நான். இரண்டு வருடத்துக்கு முன் நான் அடித்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஒன்றுமில்லாததற்கு வரிசை வீடு முழுவதற்கும் காஸைப் பூட்டிவிட்டுப் போனார்கள், அடுத்த நாள் வரை அப்பா மூன்று ஜக்கெட் போட்டுக்கொண்டு நடுங்கினார். எங்கள் ஆட்களின் குணமும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியோ, வங்கியோ, பாஸ்போர்ட் கந்தோரோ, உள்ளே எங்கள் ஆள் ஒருவர் இருந்தால் போதும், வரிசையில் நிற்பது மானக்குறைவு. எனக்குக் காஸ் கொம்பனி என்றால் நீதான். அதனால் உனக்குத்தான் வட்சப்பில் சொன்னேன், பக்கத்து வீட்டு நம்பரையும் சேர்த்துச் சொன்னேன். புதன்கிழமை பின்னேரம் உன் குரல் பதிவாக வந்தது. அம்மா, நான் சிஸ்டத்திலை போட்டிட்டன், ஆக்கள் வந்து பார்ப்பினம், நீங்கள் ஒரு நம்பருக்கும் அடிக்கத் தேவையில்லை, பேசாமல் இருங்கோ என்று சொன்னாய். அதை மயூரியின் குசினியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவளுடைய மகள் நிலக்சி மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்ப பிரச்சினை இல்லை அன்ரி என்று மயூரி ரெலிபோனைக் கீழே வைத்தாள். நான் சும்மா போகாமல் இன்னொன்றும் சொன்னேன். நாளையிண்டைக்கு வெள்ளிதானே, விளக்கேத்திப்போட்டு பேஸ்மென்டிலையும் நல்லாச் சாம்பிராணி பிடி, மணம் ஓடிடும் என்றேன்.

வெள்ளி பின்னேரம் ஐந்தரைக்கு நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை, சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. முதலில் காலுக்குக் கீழே தரை எழும்பியது, பிறகு அந்த நடுச்சுவர் முழுதாக எங்கள் குசினிக்குள் வந்தது. கையில் இருந்த கத்தி உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் முனை தெரிந்தது. அப்பா இருந்த சோபா அவரோடு சேர்ந்து பிரண்டு ஜன்னலில் போய் அடித்தது, மூன்று விலா எலும்பு முறிந்த மனுஷன் வாய் நிறையச் சுண்ணாம்பும் இரத்தமுமாக உன் பெயரைச் சொல்லிக் கத்தினார், நீ இங்கே இல்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பின்கதவு இல்லை, பின்கதவு இருந்த சுவரும் இல்லை. நான் செங்கல்லில் தவழ்ந்து வெளியே வந்தபோது மயூரியின் வீடு இருந்த இடத்தில் நெருப்பு மட்டும் நின்றது, அவள் சினோவில் கிடந்தாள். உயிர் இருந்தது பிள்ளை. சுடிதார் உருகித் தசையோடு ஒட்டிவிட்டது, தலைமயிர் இல்லை. இரண்டு கையாலும் சினோவை அள்ளி அள்ளி எறிந்தேன், நெருப்பை விட்டு இழுக்கலாம் என்று கையைப் பிடித்தேன், பிடித்த இடத்துத் தோல் கழன்று என் கையோடு வந்தது. அவள் கத்தவில்லை. அன்ரி, நான் சாம்பிராணிதான் போட்டனான் என்றாள், சின்னப் பிள்ளை அடிக்குப் பயந்து சொல்கிற மாதிரிச் சொன்னாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். நிலக்சி தமிழ் வகுப்புக்குப் போயிருந்ததால் தப்பியது. நீ பூ அனுப்பினாய். செத்தவீட்டுக்கு வரவில்லை.

அதன் பிறகுதான் நாங்கள் இந்த வோபர்ன் பேஸ்மென்டுக்கு வந்தோம், கரண்ட் அடுப்பு, கரண்ட் ஹீட்டர், அதைப் பார்த்துத்தான் எடுத்தோம். மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் இரண்டு வீட்டுக்கும் முன்னால் போகிற பெரிய குழாயில் வெடிப்பு என்றார்கள். மேல்மண் உறைந்து கிடந்ததால் காஸ் வெளியே போக வழியில்லாமல் நிலத்துக்கடியால் மயூரியின் வீட்டுக்குள் போயிருக்கிறது. போன செவ்வாய் நகரசபையின் குழு, குழாய்களை வாங்குவதா விடுவதா என்று பொதுமக்களைக் கேட்கிற கூட்டம் வைத்தது. மண்டபம் நிறைந்த சனம். சிற்றி வாங்கினால் வரி ஏறும் என்று ஒருவர் கத்தினார், குழாய் திருத்துகிற ஆட்களைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் அழுதாள். பிறகு கொம்பனியின் சட்டத்தரணி எழும்பினார். அந்த வரிசை வீடுகளில் இருந்து ஒரு முறைப்பாடும் எங்களுக்குக் கிடைக்கவில்லை, மணம் வந்தும் அறிவிக்காமல் வீட்டுக்குள் நெருப்பு மூட்டியது குடியிருந்தவரின் கவனக்குறைவு என்று தாளைப் பார்த்து வாசித்தார். குடியிருந்தவராம். அவளுக்குப் பெயர் இல்லையா? பாவி, அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. எழும்பினேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன், நம்பருக்கு அடிக்க வேண்டாம் என்று தடுத்தது நான், சாம்பிராணி போடச் சொன்னதும் நான், அவளைக் குறை சொல்லாதே என்று.

மூன்று வரிசை முன்னால் இருந்த வினோதன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அதுவரை தெரியாது. கதிரைகளுக்கு மேலால் ஏறி வந்தான். முதல் குத்து வாயில், இரண்டாவது கன்னத்தில், நான் விழுந்த பிறகும் விடவில்லை, என்ரை மனிசியைக் கொன்றது நீதானோ, நீதானோ என்று கேட்டுக் கேட்டு அடித்தான். பதினோரு வருடம் அன்ரி என்று கூப்பிட்ட வாய். உண்மையைச் சொல்கிறேன் பிரதீபா, வலித்தது, ஆனால் இரண்டாவது குத்து விழுந்தபோது எனக்கு மனம் ஆறியது, இன்னும் அடிக்கட்டும் என்றுதான் கிடந்தேன். அப்பாவைத்தான் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. எழுபத்தொரு வயது, விலா எலும்பு இன்னும் ஒட்டவில்லை, எறும்பை மிதிக்காத மனுஷன், இரும்புக் கதிரையை மடக்கித் தூக்கி வினோதனின் தோளில் போட்டார். அவன் விழுந்த பிறகும் போட்டார். கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோட் போட்ட சட்டத்தரணி மேசைக்குக் கீழே இருந்தார். பொலிஸ் வந்து கேட்டபோது நான் தடக்கி விழுந்தேன் என்றேன், வினோதனும் தான் தடக்கி விழுந்ததாகச் சொன்னான். இத்தனை பேர் பார்த்திருக்க இரண்டு பேரும் அப்படியே நின்றோம், பொலிஸ்காரர் கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. வினோதன், ஒரு கை கட்டுப்போட்டுத் தொங்குகிறது, மற்றக் கையில் நிலக்சியின் புத்தகப் பை. என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகாட்டி வேலை போயிடும், லேசான வேலைக்கு மாத்தித் தந்திருக்கினம், பள்ளிக்கூடம் தொடங்குமட்டும் இவள் இஞ்சை நிக்கட்டும் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அப்பா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எங்களை விட்டால் அவனுக்கும் இந்த நகரத்தில் ஆள் இல்லை. நான் பிள்ளைக்கு இடியப்பம் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், அன்ரி, பிரதீபா அக்கா எப்ப வருவா, அவ சிஸ்டத்திலை போட்டவ தானே, ஷீ வில் ரெல் தெம், ரைட் என்று. அவளுக்கு உன் குரல் சொல்லுக்குச் சொல் பாடம். தகப்பனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பிரதீபா அக்கா வந்து சொல்லுவா எண்டு விட்டனான் என்றாள்.

அந்தக் கூட்டத்தில் நான் என் பங்கைத்தான் சொன்னேன், உன் பங்கைச் சொல்லவில்லை. ஒளித்தேன், பெற்ற வயிறு விடவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது. கொம்பனி ஒரு முறைப்பாடும் இல்லை என்கிறது, நீ போட்டுவிட்டேன் என்கிறாய், இரண்டில் ஒன்று பொய். நீ போட்டதை அவர்கள் அழித்திருந்தால் அவர்கள் கொலைகாரர். நீ போடாமலே என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தால், அம்மாவுக்கு எப்பவும் ஏதாவது மணக்கும் என்று நினைத்து விட்டிருந்தால், அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை கூசுகிறது. பத்து வருடமாக ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுக்கிற நீ, அந்த வெள்ளிக்குப் பிறகு எடுத்தது இரண்டே தடவை, இரண்டு தடவையும் காலநிலையைப் பற்றிக் கதைத்தாய். நான் மொக்குப் பெண்ணாக இருக்கலாம், ஆனால் உன்னைப் பெற்றவள்.

அப்பா இப்போது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சிற்றிக்காரரும் கள்ளர்தான், ஆனா அந்தக் கள்ளரின்ரை வாசல் எனக்குத் தெரியும், பஸ் எடுத்துப் போய்ச் சேட்டுக் கொலரிலை பிடிப்பன் என்கிறார். குழாயை நகரசபை வாங்கினால் அடுத்த நாளே வெடிப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவில் உதைப்பது என்று மல்வேர்னில் எல்லோருக்கும் தெரியும். காஸ் மணம் வந்தால், ரெலிபோனில் காத்துக்கொண்டு பாட்டுக் கேட்க வேண்டும், அல்லது என்னைப் போல உள்ளே ஒரு மகள் வேண்டும். மகள் இருந்தும் என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டாய்.

இம்மாதம் 23ஆம் திகதி குழுவின் கடைசிக் கூட்டம், காலை ஒன்பதரைக்கு. அன்று என் ரெலிபோனில் இருக்கிற உன் குரலை அந்த மண்டபத்தில் ஸ்பீக்கரில் போடப்போகிறேன். வேலை போகும், வழக்கு வரும், உன் வீட்டுக் கடன் கட்டாமல் நிற்கும், எல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். முறைப்பாட்டைப் போட்டிருந்தால் அதற்கான தாளோடு வா. போடவில்லை என்றால் வெறுங்கையோடு வா. வராமல் மட்டும் இராதே, நிலக்சி முன்வரிசையில் இருப்பாள், நீ இல்லாத இடத்தில் உன் குரல் மட்டும் கேட்கக் கூடாது.

கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், நானும் விட மாட்டேன், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இரவில் தலைமயிர் காயாமல் படுக்காதே, உனக்குத் தடிமன் பிடிக்கும். விமான நிலையத்துக்கு அப்பா வர மாட்டார், அவருக்கு இதில் பாதிதான் தெரியும், உன் பங்கு தெரியாது. நீயே ராக்சி பிடித்து வா. வாசலில் வைத்து முதலில் உன் கன்னத்தில் ஒரு அறை விழும், அது நீ எதைச் சொல்ல வந்தாலும் விழும். பிறகு சோறு போடுவேன்.

உன்னைப் பெற்ற
அம்மா ஜெயமலர்